கோணல் ஸ்டியரிங்: கழற்றி நேராக்கினால் போதுமா?

காலை ஆறு மணிக்கெல்லாம் புக்கிட் ரோத்தான் சந்திப்பில் நின்று பார்த்தால் தெரியும். இருட்டு விலகுவதற்கு முன்பே பள்ளி வேன்கள் தோட்டத்துச் சடக்கிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்து, ஜெராமிலிருந்து கோலசிலாங்கூர் போகும் பெரிய சாலையில் ஏறும். உள்ளே பிள்ளைகள் பாதித் தூக்கத்தில் இருப்பார்கள். வேன்களில் பல இருபது வயதைத் தாண்டியவை. நிசான் வேனெட், டோயோட்டா லைட்ஏஸ், போர்ட் இகோனோவன் என்று பெயர்தான் வேறு. செய்கிற உழைப்பு ஒன்று.

இந்த வேன்களில் ஏதாவது ஒன்றில் ஓட்டுநரின் கையைக் கவனியுங்கள். வேன் நேராகத்தான் போகிறது. ஆனால் ஸ்டியரிங் கோணலாக இருக்கிறது. நடுவில் இருக்க வேண்டிய கம்பி பத்து மணி முள்ளைப் போல ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. அவரைக் கேட்டால், "அது ரொம்ப நாளா அப்படித்தாங்க, பழகிப் போச்சு" என்பார். பக்கத்தில் இருப்பவர் உடனே யோசனை சொல்வார்: "ஸ்டியரிங்கைக் கழற்றி நேரா வைத்து மாட்டினா சரியாப் போச்சு. பத்து நிமிட வேலை."

இந்த வார அரங்கத்தின் பொருள் அந்தப் பத்து நிமிட வேலைதான். அது உண்மையிலேயே எளிய வேலை. வீட்டு வாசலில், நான்கைந்து சாமான்களை வைத்துக்கொண்டு செய்துவிடலாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பெரும்பாலான வேன்களில் கோணலுக்குக் காரணம் மேலே ஸ்டியரிங்கில் இல்லை. கீழே சக்கரத்தின் பக்கத்தில் இருக்கிறது. மேலே நேராக்கிவிட்டால் கண்ணுக்குத் தெரிந்த ஒரே அடையாளமும் மறைந்துவிடும். கோளாறு மட்டும் அப்படியே இருக்கும்.

கோணல் வேறு, இழுப்பு வேறு

முதலில் இரண்டு நோய்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சமமான நேர்ச்சாலையில், வேறு வண்டி இல்லாத நேரத்தில், மெதுவாக ஓட்டிக்கொண்டே பிடியைச் சற்றுத் தளர்த்திப் பார்க்கலாம். வேன் தானாக ஒரு பக்கம் ஒதுங்கினால் அது இழுப்பு. டயரில் காற்று குறைவு, இரண்டு முன் டயர்களின் தேய்மானம் வெவ்வேறாக இருப்பது, ஒரு பக்க பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஆகியவை அதற்குப் பொதுவான காரணங்கள். வேன் நேராகவே போய், ஸ்டியரிங் மட்டும் சாய்ந்திருந்தால் அது கோணல். ஸ்டியரிங்கைக் கழற்றி மாட்டுவதால் இழுப்பு ஒருநாளும் தீராது. காற்றழுத்தம் பார்க்காமல் ஸ்டியரிங்கில் கை வைப்பது, பசிக்கு மருந்து சாப்பிடுவது போலத்தான்.

சமமான சாலை என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. மழைநீர் வடிவதற்காக நம் சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். அதனால் எந்த வேனும் லேசாக இடப்பக்கம் சரியப் பார்க்கும்; ஓட்டுநர் தம்மை அறியாமலேயே ஸ்டியரிங்கைச் சிறிது வலப்பக்கம் பிடித்திருப்பார். தஞ்சோங் காராங் பக்கம் வயல்வெளி ஓரமாகப் போகும் சாலைகளில் இது இன்னும் அதிகம். அங்கே அடிமண் மென்மையானது. சாலை அலை அலையாக அமுங்கிக் கிடக்கும். அந்தச் சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு "ஸ்டியரிங் கோணல்" என்று முடிவு கட்டக்கூடாது. ஈஜோக்கிலிருந்து டெம்ப்ளர் பார்க் வரை 2011இல் திறக்கப்பட்ட லாத்தார் நெடுஞ்சாலை போன்ற சீரான சாலையில் ஒரு முறை பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

கோணல் எப்போது வந்தது?

இதைத்தான் நல்ல மெக்கானிக் முதலில் கேட்பார். பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

ஹார்ன் அடிக்கவில்லை, சிக்னல் சுவிட்சு உடைந்துவிட்டது என்று ஸ்டியரிங்கைக் கழற்றினார்கள். மறுநாளிலிருந்து கோணல் என்றால், மாட்டும்போது பல் மாறிவிட்டது. இதற்கு மட்டும்தான் மறுபடியும் கழற்றி மாட்டுவது சரியான மருந்து.

டை ராட் மாற்றிய பிறகு, அல்லது அலைன்மெண்ட் செய்த பிறகு கோணலானது என்றால், இரண்டு பக்க டை ராட்டையும் சமமாகத் திருப்பாமல் விட்டிருக்கிறார்கள். சக்கரங்கள் ஒன்றுக்கொன்று சரியாக இருக்கலாம். ஆனால் இரண்டும் சேர்ந்து ஸ்டியரிங்கை ஒரு பக்கம் தள்ளி வைத்திருக்கின்றன. திரும்ப அலைன்மெண்ட் கடைக்குத்தான் போக வேண்டும்.

ஸ்டியரிங் பாக்ஸைக் கழற்றி மாட்டிய பிறகு என்றால், பாக்ஸுக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள இணைப்பில் பல் தவறியிருக்கலாம். அந்த இணைப்பும் பல் வைத்ததுதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு பெரிய குழியில் "டம்" என்று விழுந்தது, அன்றிலிருந்து கோணல் என்றால், ஏதோ வளைந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும்வரை ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது.

எதுவுமே நடக்கவில்லை, மெல்ல மெல்ல வந்தது என்றால், தேய்மானம். டை ராட் முனை, ஐட்லர் ஆர்ம், புஷ், பாக்ஸ் என்று ஏதோ ஒன்று ஆடுகிறது.

கடைசி இரண்டும்தான் நம் வட்டாரத்தில் அதிகம். காரணம் ஊரறிந்தது. பெஸ்தாரி ஜெயா பக்கம் உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கினார். பெயர் தென்னமரம், பயிர் செம்பனை! அப்போது தொடங்கிய செம்பனை இன்று வட சிலாங்கூரை நிறைத்து நிற்கிறது. குலை ஏற்றிய லோரிகள் ஓடி ஓடித் தோட்டத்துச் செம்மண் சடக்கில் இரட்டைப் பள்ளம் விழுந்திருக்கும். லோரிச் சக்கரத்தின் அகலத்துக்கு விழுந்த பள்ளத்தில் அகலம் குறைந்த வேனின் சக்கரம் எப்போதும் ஒரு பக்கம் ஏறியும் மறு பக்கம் இறங்கியும்தான் போகும். மழைக்காலத்தில் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நின்றால் ஆழமே தெரியாது. பல தோட்டங்களில் குடும்பங்கள் வெளியேறிவிட்டன. எஞ்சிய பிள்ளைகளைத் தேடித் தேடி ஏற்ற வேண்டியிருப்பதால், வேன் இந்தச் சடக்குகளில் ஓடும் தூரமும் குறைவாக இருப்பதில்லை.

மூன்று மில்லிமீட்டரின் கதை

சிறிய வளைவு எப்படி இவ்வளவு பெரிய கோணலாகத் தெரிகிறது? ஸ்டியரிங் பாக்ஸ் ஓட்டுநரின் கைவலிமையைப் பெருக்கிக் கொடுக்கும் கருவி. பழைய வேன்களில் ஸ்டியரிங்கை ஏறக்குறைய இருபது பாகை திருப்பினால்தான் முன்சக்கரம் ஒரு பாகை திரும்பும். இதைத் தலைகீழாகப் பார்த்தால் விஷயம் புரியும். சக்கரத்தில் அரைப் பாகை மாற்றம் என்றால் ஸ்டியரிங்கில் அது பத்துப் பாகையாகத் தெரியும். ஒரு பக்க டை ராட் வளைந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம் குறைந்தாலே போதும்; ஸ்டியரிங் பத்துப் பாகை சாய்ந்துவிடும்.

இனி ஸ்டியரிங்கின் அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். தண்டின் முனையில் நெடுக்கில் நுண்ணிய பற்கள் வெட்டியிருக்கும். ஸ்டியரிங்கின் நடுத் துவாரத்திலும் அதற்கு ஏற்ற பற்கள். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று அமர்ந்து, மேலே ஒரு நட்டு இறுக்கிப் பிடிக்கும். 36 பற்கள் உள்ள தண்டு என்றால் ஒரு பல் தள்ளி மாட்டும்போது ஸ்டியரிங் பத்துப் பாகை மாறும். கடிகாரத்தில் நிமிட முள் இரண்டு நிமிடம் நகர்வதைவிட இது குறைவு. ஆனால் ஓட்டுநர் கண்ணுக்கு நன்றாகவே தெரியும்.

இங்கேதான் ஆசை வருகிறது. டை ராட் வளைந்ததால் வந்த பத்துப் பாகையும், பல் மாற்றினால் கிடைக்கும் பத்துப் பாகையும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஸ்டியரிங் நேராகிவிடும். வளைந்த டை ராட் வளைந்தபடியே இருக்கும். இரண்டு முன்சக்கரங்களும் இணையாக உருளாமல் தரையைத் தேய்த்துக்கொண்டு போகும். சில மாதங்களில் டயரின் ஒரு ஓரம் வழுக்கையாகிவிடும். ஏற்கனவே வளைந்த இரும்பு அடுத்த குழியில் என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கூடவே இன்னொரு தீமை உண்டு. இது பலருக்குத் தெரியாது. பழைய வேன்களின் ஸ்டியரிங் பாக்ஸில், நேராக ஓடும் நிலையில் பற்களுக்கு இடையே இடைவெளி மிகக் குறைவாக இருக்கும்படி செய்திருப்பார்கள். இரு பக்கமும் திருப்பத் திருப்ப இடைவெளி கூடும். நேர்ச்சாலையில் ஸ்டியரிங் ஆடக்கூடாது, வளைவில் சிறிது ஆடினால் பரவாயில்லை என்ற கணக்கு. கீழே உள்ள கோளாறு பாக்ஸை அதன் நடுநிலையிலிருந்து தள்ளிவிட்டால், நேராக ஓடும்போதே ஸ்டியரிங் ஆடத் தொடங்கும். "ஸ்டியரிங் லூசாக இருக்கிறது" என்று பட்டறைக்குப் போனால், அவசரக்காரர் பாக்ஸின் மேலே உள்ள திருகை இறுக்கிவிடுவார். ஆட்டம் நின்றுவிடும். ஆனால் வளைவில் திரும்பும்போது பாக்ஸ் தன் உண்மையான நடுநிலையைக் கடக்குமே, அந்த இடத்தில் பற்கள் இறுகிப் பிடிக்கும். திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. அசாம் ஜாவா சந்திப்பில் பதினைந்து பிள்ளைகளோடு திரும்பும் வேனுக்கு இப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று ஓட்டுநரே கற்பனை செய்துகொள்ளலாம். கோணலை மறைத்ததில் தொடங்கியது இங்கே வந்து நிற்கிறது.

"ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனைக்குப் போகிறதே, அங்கே பிடித்துவிட மாட்டார்களா?" என்று கேட்கலாம். வாணிப வாகனங்களுக்கு அந்தச் சோதனை கட்டாயம்தான். 1994இல் தொடங்கிய புஸ்பகோம் நிலையங்களில் வேனை ஒரு தட்டின் மேல் மெதுவாக ஓட்டிப்போகச் சொல்வார்கள். சக்கரம் பக்கவாட்டில் எவ்வளவு வழுக்குகிறது என்பதை அந்தத் தட்டு அளக்கும். அடியில் நின்று ஆட்டிப் பார்ப்பதும் உண்டு. ஆனால் அந்தத் தட்டு அளப்பது சக்கரத்தை. ஸ்டியரிங் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை அல்ல. பாக்ஸ் நடுநிலை தவறிய வேனும் தட்டின் மேல் நல்ல கணக்குக் காட்டலாம். சோதனையில் தேறியது ஒன்று, ஸ்டியரிங் சரியாக இருப்பது இன்னொன்று.

நடுநிலையைக் கண்டுபிடிப்பது

ஆகவே வேலை கீழிருந்து தொடங்க வேண்டும். சமதரையில் வேனை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, உறுதியான ஸ்டாண்டின் மேல் இறக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மழை பெய்து ஊறிய செம்மண்ணில் ஜாக்கி சாயும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் படுக்கிறார்கள்.

ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது அசைத்துக்கொண்டிருக்க, இன்னொருவர் கீழே ஒவ்வொரு இணைப்பாகக் கை வைத்துப் பார்க்க வேண்டும். இணைப்பின் ஒரு பக்கம் அசைந்து மறு பக்கம் தாமதமாக அசைந்தால் அது தேய்ந்துவிட்டது. ரப்பர் உறை கிழிந்து உள்ளே செம்மண் புகுந்திருந்தால், இன்று ஆடாவிட்டாலும் விரைவில் ஆடும். டை ராட் கம்பியை நெடுக்கில் கண்ணால் பார்த்தாலே வளைவு தெரியும். சந்தேகமாக இருந்தால் ஒரு நேரான இரும்புப் பட்டையை ஒட்டி வைத்துப் பார்க்கலாம். வளைந்த டை ராட்டைச் சூடாக்கி நிமிர்த்துவது, வெல்டிங் வைப்பது இரண்டும் கூடவே கூடாது. புதிது போட்டுத்தான் ஆக வேண்டும்.

வேன்களில் ஓட்டுநர் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பார். அதனால் ஸ்டியரிங் தண்டு காரில் இருப்பது போலச் சாய்வாக இல்லாமல் ஏறக்குறைய செங்குத்தாகக் கீழே இறங்கும். அடியில் உள்ள குறுக்கு இணைப்பு சேறும் தண்ணீரும் வாரியடிக்கும் இடத்திலேயே இருக்கும். அது துருப்பிடித்து இறுகினாலும், தேய்ந்து ஆடினாலும் கோளாறுதான். பாக்ஸை மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

எல்லா இணைப்பும் நன்றாக இருக்கிறது என்று உறுதியான பிறகு நடுநிலையைத் தேடலாம். ஸ்டியரிங்கை இடக்கோடிவரை மெதுவாகத் திருப்பி, அங்கிருந்து வலக்கோடிவரை எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். நான்கு சுற்று என்றால், கோடியிலிருந்து இரண்டு சுற்றுத் திரும்பி வந்த இடம்தான் நடு. துல்லியமாக வேண்டுமென்றால், பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிட்டு எண்ண வேண்டும். இல்லாவிட்டால் பாக்ஸின் கோடிக்கு முன்பே சக்கரத்தின் தடுப்புக் கட்டை இடித்து, கணக்கு மாறிவிடும். கழற்றி எண்ணும்போது கோடியில் வேகமாக மோத விடக்கூடாது. பாக்ஸின் உட்பாகங்கள் அடிபடும்.

நடுநிலையில் நிறுத்தியபின் ஸ்டியரிங் நேராக இருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா? இதுதான் தீர்ப்பு. பாக்ஸ் நடுவில் இருக்கும்போது ஸ்டியரிங் நேராக இருந்து, சக்கரங்கள் மட்டும் ஒரு பக்கம் பார்த்தால் கோளாறு டை ராட்டில். பாக்ஸ் நடுவில், சக்கரங்கள் நேர், ஸ்டியரிங் மட்டும் கோணல் என்றால் பல் தவறியிருக்கிறது. அப்போதுதான் ஸ்டியரிங்கைக் கழற்ற நியாயம் பிறக்கிறது. சில தண்டுகளில் ஒரு பல் மட்டும் அகலமாக இருக்கும். ஒரே ஒரு நிலையில்தான் ஸ்டியரிங் இறங்கும். அப்படிப்பட்ட வேனில் மேலே பல் தவற வழியே இல்லை. கீழ் இணைப்பைத்தான் பார்க்க வேண்டும்.

கழற்றும் முறை

தொடங்குவதற்கு முன் ஒரு கேள்வி: ஸ்டியரிங்கின் நடுவில் காற்றுப்பை இருக்கிறதா? பழைய வேன்களில் பெரும்பாலும் இராது. பிற்கால வேன் என்றால் மூடியில் அதற்கான எழுத்து இருக்கும். இருந்தால் வீட்டில் கை வைக்கவே வேண்டாம். உள்ளே இருப்பது வெடிமருந்து. தக்காத்தா நிறுவனத்தின் காற்றுப்பைகள் செய்த நாசத்தை இந்த நாடும் பார்த்திருக்கிறது. 2014இல் சரவாக், சிபுவில் ஒரு கர்ப்பிணி அதற்குப் பலியானார். காற்றுப்பையும், அதன் அடியில் உள்ள சுருள்கம்பியும் அதற்கென்று பயிற்சி பெற்றவர் கையில்தான் இருக்க வேண்டும்.

காற்றுப்பை இல்லாத வேனில் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஹார்ன் வயர் இரும்பில் பட்டு ஊரையே எழுப்பும். முன்சக்கரங்கள் நேராக இருக்க வேண்டும். பிறகு ஹார்ன் மூடி. சிலவற்றில் இழுத்தாலே வந்துவிடும். சிலவற்றில் ஸ்டியரிங்கின் பின்பக்கத்தில் ஸ்க்ரூ இருக்கும். ஸ்க்ரூவைத் தேடிப் பார்க்காமல் நெம்பினால் இருபது ஆண்டு வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் உடைந்துவிடும். மூடியின் அடியில் சிறு ஸ்பிரிங், பித்தளைத் தகடு இருந்தால் எது எப்படி இருந்தது என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது.

இப்போது நட்டு தெரியும். அதைக் கழற்றும்போது ஸ்டியரிங் சுற்றாமல் இருக்க, சாவியை எடுத்துப் பூட்டுப் போட்டுக்கொண்டு கழற்றுவது பலருடைய பழக்கம். அது தவறு. அந்தப் பூட்டு திருடனுக்காகச் செய்தது. ஸ்பேனரின் விசையைத் தாங்குவதற்கு அல்ல. ஒருவர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் நட்டைத் தளர்த்தட்டும்.

நட்டைத் தளர்த்தியதோடு நிறுத்த வேண்டும், முழுவதும் எடுத்துவிடக்கூடாது. சில புரி மீதம் இருக்கும்படி அங்கேயே விட வேண்டும். ஆண்டுக்கணக்கில் இறுகிக் கிடந்த ஸ்டியரிங் திடீரென்று விடுபடும்போது, இழுப்பவர் மூக்கையும் பல்லையும் அந்த நட்டுதான் காப்பாற்றும். அடுத்து, தண்டின் முனையிலும் ஸ்டியரிங்கின் நடுவிலும் ஒரே நேர்க்கோட்டில் வெள்ளைச் சாயத்தால் ஒரு கோடு. இந்தக் கோடு இல்லாததால் வந்த கோணல்கள் எத்தனையோ!

ஸ்டியரிங்கின் நடுவில் புரி வெட்டிய இரண்டு சிறு துவாரங்கள் இருந்தால், அவை புல்லருக்கானவை. புல்லரின் இரண்டு போல்டையும் அந்தத் துவாரத்தில் அளவாக மட்டும் முடுக்க வேண்டும். ஆழமாகப் போனால் அடியில் உள்ள சிக்னல் சுவிட்சை உடைத்துவிடும். நடுத் திருகைத் தண்டின் முனையில் வைத்து மெதுவாக முடுக்கினால் "டொக்" என்ற ஓசையோடு ஸ்டியரிங் விடுபடும். பிறகு நட்டை முழுவதும் எடுக்கலாம்.

புல்லர் இல்லையென்று தண்டின் தலையில் சுத்தியலால் அடிப்பது நம் பட்டறைகளில் இன்றும் நடக்கிறது. அந்தத் தண்டு சாதாரண இரும்புக் கம்பி இல்லை. விபத்தில் ஓட்டுநரின் நெஞ்சைக் குத்தாமல் தானே மடங்கிக் குறுகும்படி செய்த தண்டுகள் 1967இல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் வந்தன. 1968 முதல் அமெரிக்காவில் அத்தகைய பாதுகாப்பு கட்டாயமானது. அதன்பிறகு மற்ற நாடுகளின் வண்டிகளுக்கும் பரவியது. அப்படிப்பட்ட தண்டின் இரண்டு பகுதிகளைச் சிறு பிளாஸ்டிக் ஆணிகள்தான் பிடித்திருக்கும். சுத்தியலடி விழுந்தால் ஆணி உடையும். வெளியே ஒன்றும் தெரியாது. தண்டு மட்டும் மேலும் கீழுமாக ஆடத் தொடங்கும். புல்லர் வாங்கும் காசோடு புதுத் தண்டின் விலையை ஒப்பிட்டுப் பார்த்தால் சுத்தியல் தானாகக் கீழே இறங்கிவிடும்.

மாட்டும்போது

பற்களில் உள்ள துருவையும் பழைய கிரீஸையும் கம்பித் தூரிகையால் துடைத்துவிட்டு, பாக்ஸ் நடுநிலையில், சக்கரங்கள் நேராக இருக்கிறதா என்று மீண்டும் ஒரு முறை பார்த்து, ஸ்டியரிங்கை நேராக இறக்க வேண்டும். திரும்பி முடித்ததும் சிக்னலைத் தானாக அணைக்கும் சிறு முளை ஸ்டியரிங்கின் அடியில் இருக்கும். அது சுவிட்சின் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். கட்டாயப்படுத்தி அழுத்தினால் முளை முறியும். பிறகு ஒவ்வொரு முறையும் சிக்னலைக் கையால்தான் அணைக்க வேண்டியிருக்கும். மறந்துபோனால் பின்னால் வருபவர் குழம்புவார்.

நட்டை எவ்வளவு இறுக்குவது? பழைய ஜப்பானிய வேன்களில் பெரும்பாலும் 30 முதல் 50 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். அந்தந்த வேனின் பட்டறைக் கையேட்டில் உள்ள அளவுதான் இறுதி. டார்க் ரெஞ்ச் இல்லாதவர் இந்த ஒரு நட்டுக்காகவாவது பக்கத்துப் பட்டறையில் இரவல் வாங்கட்டும். "இன்னும் கொஞ்சம்" என்று இறுக்கினால் புரி போய்விடும். குறைவாக இறுக்கினால் பற்கள் தேயும், ஒருநாள் ஸ்டியரிங் கையோடு வரும்.

இவ்வளவு செய்தும் ஸ்டியரிங் மிகச் சிறிதளவு சாய்ந்திருக்கலாம். ஒரு பல்லுக்குப் பத்துப் பாகை என்றால், ஐந்து பாகைக்குள் உள்ள சாய்வைப் பல் மாற்றித் தீர்க்க முடியாது. அதைத் தீர்ப்பது டை ராட். ஒரு பக்கத்தை எவ்வளவு நீட்டுகிறோமோ, மறு பக்கத்தை அதே அளவு குறைக்க வேண்டும். அப்போது சக்கரங்களுக்கு இடையே உள்ள அளவு மாறாமல் ஸ்டியரிங் மட்டும் நகரும். எந்தப் பக்கம் நீட்டுவது என்பது வேனுக்கு வேன் மாறுவதால், பூட்டு நட்டைத் தளர்த்தி இரு பக்கமும் கால் சுற்றுத் திருப்பி, ஓட்டிப் பார்ப்பதுதான் வழி. கோணல் கூடினால் எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். அலைன்மெண்ட் கடையில் செய்வதானால், ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்கும் தாங்கியை மாட்டிவிட்டுத் தொடங்கச் சொல்லிக் கேட்கலாம். அவசரத்தில் அதை விட்டுவிட்டு சக்கரத்தை மட்டும் சரிசெய்து அனுப்பிவிடும் கடைகள் உண்டு. வேனை எடுப்பதற்கு முன் கடைக்காரரை ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொல்வதில் தவறில்லை.

பேட்டரி வயரை மாட்டிய பிறகு, பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன்பாக, வேன் ஓடாமல் நிற்கும்போதே ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பிப் பார்க்க வேண்டும். எங்கும் உரசக்கூடாது, எங்கும் இறுகக்கூடாது. ஹார்ன் அடிக்கிறதா? சிக்னல் இரு பக்கமும் ஒரே அளவில் அணைகிறதா? பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, ஒரு வளைவில் திரும்பி, பிடியைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வர வேண்டும். வராவிட்டால் அன்றைக்குப் பிள்ளைகளை ஏற்ற வேறு வேன் பார்ப்பதே நல்லது. பெற்றோருக்கு ஒரு நாள் கோபம் வரும், வரட்டும்.

டை ராட்டின் பூட்டு நட்டுகளை இறுக்கியபின் நட்டின் மேலும் கம்பியின் மேலும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு போட்டு வைக்கலாம். தோட்டத்துச் சடக்கில் ஒரு வாரம் ஓடிய பிறகு குனிந்து பார்த்தால், கோடு ஒன்றாக இருக்கிறதா, இரண்டாகப் பிரிந்திருக்கிறதா என்பது டார்ச் வெளிச்சத்திலேயே தெரிந்துவிடும்.